கையெழுத்துக்கு முன் நடக்கும் பேச்சு: மருத்துவமனைப் பயிற்சியில் கற்றல் ஒப்பந்தம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு ஒப்பந்தம் என்ற சொல் காதுக்கு இனிய சொல் அன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பேரில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, அதன்பின் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, உணவு, இருப்பிடம் என்று தாளில் எல்லாம் எழுதப்பட்டிருந்தது. வாசகத்தை எழுதியவர்கள் ஒரு தரப்பு, கைநாட்டு வைத்தவர்கள் இன்னொரு தரப்பு. தொழிலாளி சொல் தவறினால் சிறை காத்திருந்தது. முதலாளி சொல் தவறினால் கேட்பாரைத் தேடவேண்டியிருந்தது.

டர்பனில் செவிலியமும் இயன்முறை மருத்துவமும், நோயாளி அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபியும் படிக்கும் நம் பிள்ளைகள் ‘லேர்னிங் கான்ட்ராக்ட்’ என்ற தாளைப் பற்றிப் பேசும்போது, அதைத் தமிழில் கற்றல் ஒப்பந்தம் என்று எழுத எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. உடன்படிக்கை என்றால் கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். ஆயினும் கடினமான சொல்லையே வைத்துக்கொண்டேன். ஏனெனில் பழைய கூலி ஒப்பந்தத்தைப் பார்த்து இன்று நாம் கேட்கும் கேள்விகளை, அதாவது வாசகத்தை யார் எழுதினார்கள், இரு தரப்பும் கட்டுப்பட்டார்களா, நடுவில் மாற்ற இடம் இருந்ததா என்ற கேள்விகளை, இந்தத் தாளைப் பார்த்தும் கேட்டாக வேண்டும். அவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அது கல்விக் கருவியாக இருக்கிறதா, கோப்பில் செருகப்படும் இன்னொரு படிவமாக இருக்கிறதா என்பது தெரியும்.

தாளின் அமைப்பு எளியது. ஒரு வார்டிலோ கிளினிக்கிலோ பயிற்சிக்குச் செல்லும் மாணவர், குறிப்பிட்ட காலத்துக்குள் எதைக் கற்கப்போகிறார், எந்த வழியில், யாருடைய உதவியோடு கற்கப்போகிறார், கற்றதற்கு என்ன சான்று காட்டுவார், அந்தச் சான்றை யார் எந்த அளவுகோலால் மதிப்பிடுவார் என்பவற்றைத் தம் மேற்பார்வையாளரோடு பேசி முடிவுசெய்து எழுதுகிறார், இருவரும் கையெழுத்திடுகிறார்கள். இந்த முறையைப் பரவலாக அறியச் செய்தவர் அமெரிக்க வயதுவந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ். 1975இல் வெளியிட்ட தற்கற்றல் வழிகாட்டியிலும், 1986இல் ஒப்பந்தங்களுக்கென்றே எழுதிய நூலிலும் அவர் இதை விரித்துரைத்தார். அவர் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. நியூயார்க் மாநிலத்தில் 1971இல் தொடங்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கல்லூரி, மாணவர் ஒவ்வொருவரும் தம் வழிகாட்டியுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களின் மீதே தன் படிப்பை அமைத்திருந்தது. நோல்ஸின் வாதம் இதுதான்: வயதுவந்தவர் அனுபவத்தோடும் தம் தேவை இன்னதென்ற உணர்வோடும் கற்க வருகிறார், எதை, ஏன் கற்கிறோம் என்பதில் அவருக்குப் பங்கு இல்லையென்றால் அவர் கற்பதில்லை, கற்பதுபோல் காட்டிக்கொள்கிறார்.

வகுப்பறையைவிட வார்டுக்கு இந்தத் தாள் ஏன் அதிகம் பொருந்துகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வகுப்பறையில் பாடத்திட்டம் எல்லோருக்கும் ஒன்று. வார்டில் பாடத்திட்டத்தை எழுதுபவர் நோயாளி. மார்ச் மாதம் வரும் மாணவி ஆறு வாரத்தில் பக்கவாத நோயாளிகள் பன்னிரண்டு பேரைப் பார்த்திருக்கலாம். ஜூனில் அதே படுக்கைகளின் நடுவே நிற்கும் அவளுடைய தோழிக்கு மூன்று பேர்கூடக் கிடைக்காமல் போகலாம். இந்த ஏற்றத்தாழ்வைக் கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் மணிக்கணக்கைக் கொண்டே சமாளித்து வந்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் பழைய நான்காண்டுச் செவிலியப் படிப்பில் 4,000 மணி நேரக் களப்பயிற்சி எதிர்பார்க்கப்பட்டது. மணிக்கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்; அது மாணவரின் உடம்பு எங்கே நின்றது என்பதைச் சொல்லும், அங்கே நின்று என்ன கற்றார் என்பதைச் சொல்லாது. மருத்துவக் கல்வி அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த நான்கு அடுக்குப் பிரமிடில் அறிதல், எப்படி என்று அறிதல், செய்துகாட்டுதல் ஆகிய மூன்று படிகளுக்கும் மேலே, உண்மையான பணியில் செய்தல் உச்சியில் இருக்கிறது. தேர்வுத்தாளும் மாதிரி நோயாளியும் எட்டாத அந்த உச்சியைப் பற்றிப் பேசத்தான் வார்டில் ஒரு தாள் தேவைப்படுகிறது.

இப்போது ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, சொல்லும் சில தமிழ்ச் சொற்கள் தெரியும், பேச்செல்லாம் ஆங்கிலம். பயிற்சிக்குச் செல்லும் வார்டில் நோயாளிகளில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு ஜூலு மொழிப் பாடத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால் அடிப்படை இலக்கணம் அவளுக்கு உண்டு. ‘சாவுபோனா’ என்று வணக்கம் சொல்லுவாள். நோயாளி பதில் சொல்லத் தொடங்கியதும் திகைத்து நிற்பாள். பயிற்சியின் முதல் நாள் அவள் தாளில் இப்படி எழுதுகிறாள்: “நோயாளிகளுடன் ஜூலு மொழியில் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்வேன்.” நல்ல எண்ணம். ஆனால் ஆறு வாரம் கழித்து அது நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது, அவளாலும் முடியாது.

இங்கேதான் மேற்பார்வையாளரின் வேலை தொடங்குகிறது. எதற்காகப் பேச வேண்டும் என்று அவர் கேட்கிறார். காசநோய்ச் சோதனைக் கேள்விகளைக் கேட்பதற்கு என்கிறாள். அப்படியானால் எந்தக் கேள்விகள்? இருமல், காய்ச்சல், இரவில் வியர்த்தல், எடை குறைதல் என்ற நான்கு. கேட்பது போதுமா, பதில் விளங்க வேண்டாமா? ‘எத்தனை நாளாக?’ என்று கேட்டால் கிழமைப் பெயரிலும், திருவிழாக் கணக்கிலும், பேத்தி பிறந்த மாதத்தை வைத்தும் பதில் வரும் என்பதை அவள் அப்போதுதான் யோசிக்கிறாள். மூத்த பெண்ணை ‘கோகோ’ என்றும், ஆணை ‘பாபா’ என்றும் முறை வைத்து அழைக்காமல் பெயரைச் சொல்லி அழைத்தால் பேச்சு முதல் வரியிலேயே நின்றுவிடும் என்பதை மேற்பார்வையாளர் நினைவூட்டுகிறார். ஆயாவைப் பெயர் சொல்லி அழைக்காத வீட்டில் வளர்ந்தவளுக்கு இது விளங்க அதிக நேரம் ஆகாது. அரை மணி நேரப் பேச்சுக்குப் பின் இலக்கு இப்படி மாறுகிறது: “நான்காம் வார முடிவுக்குள், மூன்று நோயாளிகளிடம், மொழிபெயர்ப்பாளர் உதவியின்றி, நான்கு அறிகுறிகளையும் அவை தொடங்கிய காலத்தையும் ஜூலு மொழியில் கேட்டறிவேன், பதில் விளங்காத இடத்தில் விளங்கியதுபோல் தலையாட்டாமல் திரும்பக் கேட்பேன்.”

திரும்பக் கேட்பேன் என்ற அந்தக் கடைசிப் பகுதியை எந்தப் படிவமும் முன்கூட்டி அச்சிட்டு வைத்திருக்காது. தன் பலவீனம் சொல்வளத்தில் மட்டும் இல்லை, விளங்காததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுவதிலும் இருக்கிறது என்று அவள் வாயாலேயே வந்த பிறகுதான் அது எழுதப்பட்டது. ஒப்பந்தத்தின் பயன் தாளில் இருப்பதைவிட அந்த அரை மணி நேரத்தில் அதிகம் இருக்கிறது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

பிறகு சான்று. மூன்று உரையாடல்களையும் ஜூலு பேசும் செவிலியர் ஒருவர் அருகிலிருந்து கவனித்து இரண்டு மூன்று வரிக் குறிப்பு எழுதித் தருவது ஒரு சான்று. அவள் எடுத்த விவரத்தையும் அதே நோயாளியிடம் செவிலியர் தனியே எடுத்த விவரத்தையும் ஒப்பிடுவது இன்னும் வலுவான சான்று. ஒலிப்பதிவும் நல்ல சான்றுதான். அதற்கு நோயாளியின் ஒப்புதல் வேண்டும், பதிவை எங்கே வைப்பது, எப்போது அழிப்பது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். “ஜூலு பேசும்போது என் தன்னம்பிக்கை கூடியிருக்கிறது” என்று மாணவி எழுதும் சிந்தனைக் குறிப்பைச் சான்றாக ஏற்பது எளிது, ஏற்கக்கூடாது. தன்னம்பிக்கையும் திறனும் சேர்ந்தே வளரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மருத்துவர்களின் தன்மதிப்பீட்டை வெளியாரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வில், 20 ஒப்பீடுகளில் 13 இரண்டுக்கும் மிகக் குறைந்த தொடர்பையோ, தொடர்பின்மையையோ, தலைகீழான தொடர்பையோதான் காட்டின. தமக்கு என்ன தெரியாது என்பதை மாணவரே தனியாக உட்கார்ந்து எழுதட்டும் என்று விட்டுவிடும் ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. முதல் சில நாட்கள் மாணவரை நோயாளியின் அருகில் வைத்துக் கவனித்துவிட்டு, அதன்பின் தாளை எடுப்பது நல்லது. முதல் நாள் காலையிலேயே நிரப்பச் சொல்லும் வழக்கம் பலரிடம் இருக்கிறது.

அருகிலிருந்து கவனித்துக் குறிப்பு எழுதித் தரும் ஒரு செவிலியரை மேலே குறிப்பிட்டேன். அவர் பெயர் ஒப்பந்தத்தில் இல்லை. அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. ஆனால் அவர் நேரம் ஒதுக்காவிட்டால் சான்று இல்லை. நோயாளிகளுக்கும், ஜூலு தெரியாத மருத்துவர்கள், மாணவர்களுக்கும் இடையில் மொழிபெயர்ப்பதே பல வார்டுகளில் செவிலியர்களின் ஊதியமில்லாத இரண்டாவது வேலை. இலக்கை எழுதுவதற்கு முன் வார்டுக்குப் பொறுப்பான மூத்த செவிலியரான வார்டு சிஸ்டரிடம் போய், வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் இதற்கு இடம் கொடுக்கும் என்று கேட்டு வருவதையும் ஒப்பந்தப் பேச்சின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். நோயாளியின் நிலையும் அப்படித்தான். தடுமாறும் மொழியில் பத்து நிமிடம் கேள்வி கேட்கப்படுவதற்கு அவர் இசைந்தாரா என்பதை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இனி மறு தரப்பு. நான் பார்த்த பல தாள்களில் வினைச்சொற்கள் எல்லாம் மாணவருக்கே உரியவை: படிப்பேன், கவனிப்பேன், செய்துகாட்டுவேன், ஒப்படைப்பேன். மேற்பார்வையாளரின் பெயர் கையெழுத்துக் கோட்டில் மட்டும் இருந்தது. பழைய கூலித் தாளாவது கூலியையும் உணவையும் எழுதி வைத்தது. கற்றல் ஒப்பந்தம் என்று பெயர் வைத்தால் அதில் மேற்பார்வையாளரின் வினைகளும் இருந்தாக வேண்டும்: செவ்வாய்தோறும் இரண்டு மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்குவேன், வாரம் ஒரு முறை நோயாளியின் அருகில் நின்று முழுமையாகக் கவனிப்பேன், குறையை எல்லோர் முன்னிலையிலும் வார்டு ரவுண்டில் சொல்லாமல் தனியே சொல்லுவேன், நான் விடுப்பில் இருந்தால் என் இடத்தில் யார் என்பதை முன்கூட்டியே சொல்லுவேன். இவற்றை எழுதத் தயங்கும் மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். தங்கள் பொழுது தங்கள் கையில் இல்லை என்று அறிந்தவர்கள். அவர்களால் நிறைவேற்ற முடிவது ஒன்றே ஒன்று என்றால் அந்த ஒன்றை மட்டும் எழுதுவதே நேர்மை.

பேரம் பேச முடியாதவையும் உண்டு. எந்தச் செயலை யார் மேற்பார்வையில் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை 1974ஆம் ஆண்டு சுகாதாரத் தொழில்கள் சட்டமும் 2005ஆம் ஆண்டு செவிலியர் சட்டமும் அவற்றின் கீழான விதிகளும் வரையறுக்கின்றன. அந்தந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றம் கேட்கும் குறைந்தபட்சத் திறன்களை எந்த ஒப்பந்தத்தாலும் குறைக்க முடியாது. எதைக் கற்பது என்பதில் மாணவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் இந்த வேலிக்கு உள்ளே இருப்பது. வேலி எங்கே என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மாணவர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். எல்லாம் உங்கள் விருப்பம் என்று தொடங்கி, பாதி வழியில் கட்டாயப் பட்டியலை நீட்டும்போதுதான் நம்பிக்கை போகிறது.

எல்லோருக்கும் ஒரே அளவு சுதந்திரம் பொருந்தும் என்றும் சொல்வதற்கில்லை. சார்ந்திருப்பவர், ஆர்வம் கொண்டவர், ஈடுபடுபவர், தம்மைத் தாமே இயக்குபவர் என்று கற்பவரின் நான்கு நிலைகளை 1991இல் அமெரிக்கக் கல்வியாளர் ஜெரால்ட் குரோ பிரித்துக் காட்டினார். முதல் நிலையில் இருப்பவரிடம் நான்காம் நிலைக்குரிய வெற்றுத்தாளைக் கொடுத்தால் கோபமும் குழப்பமும்தான் மிஞ்சும். நம்மூர் அனுபவமும் அதுவே. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளியில் ஆசிரியர் சொன்னதை எழுதியே வளர்ந்த பிள்ளையிடம், உனக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டால், சரியான விடை எது என்று ஆசிரியர் முகத்தையே பார்க்கும். பெரியவர்களிடம் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று பழக்கப்பட்ட தமிழ், ஜூலு வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் இது பொது. எனவே முதலாண்டில் ஐந்து இலக்குகளில் நான்கை நிறுவனம் கொடுத்து ஒன்றை மாணவர் எழுதுவதும், இறுதியாண்டில் அந்தக் கணக்கைத் தலைகீழாக்குவதும் பொருத்தமாக இருக்கும்.

அதிகாரத்தைப் பற்றிப் பேசாமல் இதைக் கடந்துபோக முடியாது. கற்பிப்பவரே மதிப்பெண் போடுபவராகவும் இருக்கும் இடத்தில், என் பலவீனம் இது என்று எழுதித் தருவது மாணவருக்கு ஆபத்தான காரியம். புத்திசாலி மாணவர் என்ன செய்வார்? ஏற்கெனவே தெரிந்ததையே இலக்காக எழுதி, ஆறாம் வாரத்தில் ‘சாதித்து’ முழு மதிப்பெண் வாங்குவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விதிகள் அப்படி இருந்தன, அவர் விளையாடினார். இதற்கு மாற்றாக, ஒப்பந்தத்தில் எட்டிய உயரத்துக்கு மதிப்பெண் தராமல், தேவையை எவ்வளவு சரியாகக் கண்டறிந்தார், கருத்துரையை வாங்கி என்ன மாற்றினார் என்பதற்கு மதிப்பிடலாம். அல்லது ஒப்பந்தத்தை மதிப்பெண்ணிலிருந்து முற்றிலும் பிரித்துவிடலாம். இரண்டாவது வழியையே நான் விரும்புகிறேன். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் செய்வதில்லை என்ற மறுப்பும் எனக்குத் தெரியும், அதில் உண்மையும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய கேடு, ஒப்பந்தத்தைத் தண்டனையாக மாற்றுவது. பல இடங்களில், பயிற்சியில் பின்தங்கியவருக்கு மட்டும், தேறாவிட்டால் என்னவாகும் என்ற எச்சரிக்கையோடு ஒரு கற்றல் ஒப்பந்தம் நீட்டப்படுகிறது. பின்தங்கியவருக்கு என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பது எழுத்தில் இருப்பது அவருக்கே பாதுகாப்புதான். பின்னால் முறையீடு செய்ய வேண்டி வந்தால் அந்தத் தாள் பேசும். ஆனால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டையும் நடத்தினால், ஒப்பந்தம் எழுதச் சொன்னாலே தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நேட்டால் அரசு 1872இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்த பின்னர், குடியேறிய இந்தியர்களின் நலன் காக்கப் பாதுகாவலர் என்ற பதவி ஏற்படுத்தப்பட்டது. தோட்டத்திலிருந்து புறப்பட்டு அவரிடம் போய்ச் சேருவதே பலருக்குப் பெரும்பாடாக இருந்தது. இன்றைய ஒப்பந்தத்தில் மாணவர், மேற்பார்வையாளர் இருவரோடு பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளரும் மூன்றாவதாகக் கையெழுத்திடுவதுண்டு. வார்டில் மேற்பார்வையாளருக்கும் மாணவருக்கும் கருத்து முரண்பட்டால் அவர்தான் புகலிடம். அவருடைய தொலைபேசி எண் தாளில் இருக்கிறதா, பயிற்சியின் நடுவில் ஒரு முறையாவது வார்டுக்கு வருகிறாரா, மாணவரைத் தனியே சந்திக்கிறாரா என்பவற்றைப் பொறுத்தே அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு.

நடுக்கால மறுபார்வையும் முக்கியம். மூன்றாம் வார முடிவில் இருவரும் தாளை எடுத்து, நடக்காததை அடித்து, புதிதாகத் தெரியவந்ததை எழுதுகிறார்கள். வார்டில் நோயாளி வராததால் ஓர் இலக்கு நடக்காமல் போனால் அது மாணவரின் தவறாகாது என்பதை எழுத்திலேயே குறிப்பதும் அப்போதுதான். அடித்தல் திருத்தல் இல்லாமல் பளிச்சென்று திரும்பிவரும் ஒப்பந்தம் பெரும்பாலும் திறந்தே பார்க்கப்படாதது.

இந்த முறைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மாணவரும் ஆசிரியரும் எப்படி உணர்ந்தார்கள் என்பதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். தன்னாட்சி கூடியது, பேச்சு தெளிவானது என்பார்கள். நேரம் அதிகம் பிடித்தது, தொடக்கத்தில் பதற்றமாக இருந்தது என்றும் சொல்வார்கள். நோயாளிக்கு இதனால் என்ன ஆயிற்று என்பது வேறு கேள்வி. அதற்குள் போகாமலே ஒன்று சொல்லலாம்: நேரக் குறை உண்மையானது, ஆனால் பத்து இலக்குகளை எழுதச் சொல்லிவிட்டு நேரமில்லை என்பது நாமே வரவழைத்துக்கொண்ட குறை. ஆறு வாரத்துக்கு மூன்று இலக்குகள் போதும்.

படிப்பு முடிந்த பின்பும் இந்தத் தாளுக்கு வேலை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்களுக்கு 1998 முதலும், இயன்முறை மருத்துவம் போன்ற துறையினருக்கு 2003 முதலும், செவிலியர்களுக்கு 2008 முதலும், படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் ஓராண்டுச் சமூகப் பணி கட்டாயம். நகரத்தின் பெரிய மருத்துவமனையில் பயின்றவர் வடக்கு ஜூலுலாந்தின் ஒரு சிறு மருத்துவமனையில் தன் துறையின் ஒரே ஆளாக நிற்க நேரிடலாம். மேற்பார்வையாளர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். அங்கே என்ன கற்க வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. சுகாதாரத் தொழில்கள் மன்றம் கேட்கும் ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகளை, ஒழுக்கவியலுக்கான ஐந்தையும் சேர்த்து, பதிவானவர்கள் எப்படியும் தேடிச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் புள்ளிகளுக்கும் தம் கிளினிக்கில் நாளை காலை வரிசையில் உட்காரப்போகும் நோயாளிகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தேடல் வேறு விதமாக அமைகிறது.

சாட்ஸ்வொர்த் மாணவியின் தாளில் ஆறாம் வாரம் இப்படி இருக்கும்: இரண்டு உரையாடல்கள் முடிந்தன, மூன்றாவது நோயாளி முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். விளங்காத இடத்தில் திரும்பக் கேட்டாள் என்று செவிலியரின் குறிப்பு சொல்கிறது. காலக்கணக்கை ஒரு முறை தவறாகப் புரிந்துகொண்டாள் என்றும் சொல்கிறது. செவ்வாய்க்கிழமைச் சந்திப்புகள் ஆறில் நான்கு நடந்தன என்று மேற்பார்வையாளர் தம் பகுதியில் எழுதியிருக்கிறார். மூன்றாவது உரையாடலும் காலக்கணக்கும் அடுத்த வார்டுக்கான தாளில் முதல் வரியாக ஏறியிருக்கின்றன.